பல் முளைப்பதால் பேதி வருமா?

டாக்டரம்மாவுக்கு வணக்கம். ஏற்காட்டுக்குப் பக்கத்தில் மலைக் கிராமத்தில் இருக்கிறோம். நானும் வீட்டுக்காரரும் காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கிறோம். பாப்பாவுக்கு 14 மாதம். நாலு மாதத்தில் இது மூன்றாவது தடவையாகப் பேதி. முதல் தடவை, பல் முளைக்கிறது, அப்படித்தான் போகும் என்றார்கள். இரண்டாவது தடவை தொக்கம், சாப்பிட்டது உள்ளே சிக்கிக்கொண்டது என்று சொல்லி, எடுத்தோம். இந்தத் தடவை மருந்துக்கடையில் ஒரு மாத்திரையில் பாதியும் ஒரு சிரப்பும் கொடுத்தார்கள். போக்கு நின்றது, ஆனால் வயிறு உப்பிப்போய் இரண்டு நாள் அழுதுகொண்டே இருந்தாள். இப்போது மறுபடி தண்ணீராகப் போகிறது. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று மாமியார் தண்ணீரையும் பாலையும் குறைக்கச் சொல்கிறார். போன தடவை அவருக்கும் பேதியாகி, வெளிக்குப் போய்விட்டு வரும் வழியில் மயங்கி விழுந்துவிட்டார். 62 வயது, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். நாங்கள் குடிப்பது ஊற்றுத் தண்ணீர், தாத்தா காலத்திலிருந்து அதுதான். எதனால் இப்படித் திரும்பத் திரும்ப வருகிறது? எந்த நிலையில் மலை இறங்கி வர வேண்டும்? ஒரு தடவை வந்து போனால் ஒரு நாள் கூலி போய்விடுகிறது, பஸ்ஸும் நினைத்த நேரத்துக்கு இல்லை. பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

இதைப் படிக்கும்போதும் பாப்பாவுக்குப் போக்கு இருந்தால், மீதியை அப்புறம் படித்துக்கொள்ளுங்கள். முதலில் தாய்ப்பால் கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு, குளுக்கோஸ் பொடியின் பெரிய பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் காய்ச்சி ஆற வைத்த தண்ணீரில் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டத் தொடங்குங்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது தண்ணீரையும் பாலையும் குறைக்கச் சொன்ன அந்த வரி. மாமியார் பேத்திமேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார், எனக்குத் தெரியும். சேலத்தில் என்னிடம் குழந்தையைத் தூக்கிவரும் பாட்டிகளில் பாதிப் பேர் இதையே சொல்வார்கள். ஊற்றினால்தானே ஒழுகும் என்ற கணக்கு அது. வயிறு அந்தக் கணக்கில் நடப்பதில்லை.

பெரியவர் ஒருவரின் குடலுக்குள் ஒரு நாளைக்குச் சுமார் 9 லிட்டர் நீர் இறங்குகிறது. அதில் நாம் குடிப்பதும் உணவில் இருப்பதும் இரண்டு லிட்டர் போல. மீதி முழுக்க உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடலே சுரக்கும் நீர் என்று உடம்பு தானே ஊற்றிக்கொள்வது. இத்தனையையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மலத்தோடு வெளியே போவது 100, 200 மில்லிதான். கிருமி வந்து இந்த உறிஞ்சும் வேலையைக் கெடுத்துவிட்டால், அல்லது சுரப்பை அளவுக்கு மீறித் தூண்டிவிட்டால், உடம்பின் சொந்த நீரே உப்போடு சேர்ந்து வெளியே போகிறது. நீங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்காவிட்டாலும் அது போய்க்கொண்டுதான் இருக்கும். கொடுப்பதை நிறுத்தினால் பேதி நிற்காது, போனதை ஈடுகட்டுவதுதான் நின்றுபோகும். பேதியில் குழந்தைகள் இறப்பது பெரும்பாலும் இந்த வறட்சியால்தான். குழந்தை எத்தனை தடவை போனாள் என்று எண்ணுவதோடு, எவ்வளவு உள்ளே போனது, எத்தனை தடவை சிறுநீர் கழித்தாள் என்று பார்க்கப் பழகுங்கள்.

இனி பல் விஷயம். பல் முளைப்பதால் பேதி ஆவதில்லை. ஈறு ஊறும், எச்சில் வடியும், எரிச்சலில் சிணுங்குவாள், அவ்வளவுதான். இரண்டும் ஒரே வயதில் வருவதால் ஒன்றால் மற்றது என்று தலைமுறை தலைமுறையாக நினைத்துவிட்டோம். ஆறாம் மாதத்துக்கு மேல் என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். வயிற்றில் இருக்கும்போது அம்மாவிடமிருந்து வாங்கிவந்த எதிர்ப்புச் சக்தி குறைகிறது. பாலோடு வேறு உணவும் தண்ணீரும் சேர்கின்றன. குழந்தை தவழ்கிறாள், தரையில் கிடப்பதை எல்லாம் வாயில் வைக்கிறாள். ஈறு ஊறுவதால் இன்னும் அதிகமாக வைக்கிறாள். கோழி நடந்த வாசல், செருப்புப் போட்டு வந்த திண்ணை, மண் ஒட்டிய பொம்மை, எல்லாம் வாய்க்குள் போய்த்தான் வருகின்றன. கிருமி வரும் வழி அதுதான். “பல்லு பேதி” என்று சும்மா விட்டதால் கண் செருகிய நிலையில் வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தொக்கம் பற்றி வாக்குவாதம் செய்ய நான் வரவில்லை. நம்பிக்கை இருந்தால் போய் வாருங்கள். ஆனால் குழந்தையின் தொண்டைக்குள் யாரும் விரலோ வேறு எதுவுமோ விடக்கூடாது. போகும்போதும் வரும்போதும் ஓ.ஆர்.எஸ். கையில் இருக்க வேண்டும். அங்கே காத்திருந்த நேரத்தில் குழந்தைக்குள் ஒன்றும் போகாமல் இருப்பதுதான் ஆபத்து.

எது பேதி என்பதையும் சொல்லிவிடுகிறேன். 24 மணி நேரத்தில் மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணீராகவோ மிக இளக்கமாகவோ போனால் பேதி. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் கைக்குழந்தை ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை மஞ்சளாக இளக்கமாகப் போவது இயல்பு, அது நோய் இல்லை. உங்கள் பாப்பா அந்த வயதைத் தாண்டிவிட்டாள். அவளுக்கு வழக்கத்தைவிட எப்படி மாறியிருக்கிறது என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

காரணத்தைப் போகும் விதத்திலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். முதலில் வாந்தி, லேசான காய்ச்சல், பிறகு தண்ணீர்த் தண்ணீராகப் போவது என்றால், இந்த வயதில் பெரும்பாலும் வைரஸ். அதில் ரோட்டா வைரஸ்தான் கடுமையானது. குளிர் மாதங்களில் இதை அதிகம் பார்க்கிறோம். இதற்கு ஆன்டிபயாடிக் எதுவும் வேலை செய்யாது, ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் தானே அடங்கும். அதுவரை குழந்தை காய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதே சிகிச்சை. சளியும் ரத்தமும் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக, முக்கி முக்கிப் போய், காய்ச்சலும் இருந்தால் அது சீதபேதி. ஷிகெல்லா போன்ற பாக்டீரியா குடல் சுவரைப் புண்ணாக்கியிருக்கிறது. இதற்கு மருந்து தேவைப்படும், டாக்டர் பார்க்காமல் கூடாது. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி, மணமே மாறி, குடம் குடமாகப் போனால் காலராவோ என்று சந்தேகிக்க வேண்டும். சில மணி நேரத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும் நோய் அது. விருந்துச் சாப்பாடு சாப்பிட்ட ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் பலருக்கும் ஒன்றாக வாந்தி எடுத்தால், வெளியே வைத்திருந்த உணவில் பாக்டீரியா ஏற்கெனவே உண்டாக்கிய நச்சு காரணமாக இருக்கலாம். மறுபடி சூடுபடுத்தினாலும் அந்த நச்சு சாகாது. வாரக்கணக்கில் விட்டு விட்டு, கெட்ட நாற்றத்தோடு, எண்ணெய்ப் பிசுக்காக, வயிறு உப்பலோடு போனால் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியைத் தேட வேண்டும். திறந்த ஊற்றுகளில், ஓடைகளில் தண்ணீர் எடுக்கும் இடங்களில் அதை மறக்கவே கூடாது.

பாப்பாவுக்கு இடையிடையே முழுக்க நன்றாகி, மறுபடி புதிதாக வருகிறதா? அல்லது நடுவிலும் சரியாகாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறதா? உங்கள் கடிதத்தில் இது தெளிவாக இல்லை. முன்னது என்றால் தொற்று ஒவ்வொரு தடவையும் வெளியிலிருந்து புதிதாக உள்ளே போகிறது. பின்னது என்றால், அதுவும் ஒரே பேதி 14 நாளைத் தாண்டினால், மலப் பரிசோதனை அவசியம், எடையும் பார்க்க வேண்டும். நம்மைப் போன்ற நாடுகளில் மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு வருஷத்தில் சராசரியாக மூன்று தடவை பேதி வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் வீட்டில் அது நாலு மாதத்திலேயே வந்துவிட்டது. பாட்டிக்கும் கூடவே வந்திருக்கிறது. பாட்டிக்குப் பல் முளைக்கவில்லை. இருவரும் பகிர்ந்துகொள்வது தண்ணீர்ப் பானையும் சமையலும் கைகளும்தான்.

ஊற்றைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு மனசு கஷ்டப்படலாம். சேர்வராயன் மலை ஊற்றுத் தண்ணீரின் ருசியை நானும் அறிவேன். பளிங்கு மாதிரி இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெளிவாக இருப்பது வேறு, கிருமி இல்லாமல் இருப்பது வேறு. தாத்தா காலத்திலும் அதே தண்ணீர்தான், உண்மை. அந்தக் காலத்தில் பெற்ற பிள்ளைகளில் எத்தனை தங்கின என்று மாமியாரிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அப்போது ஊற்றுக்கு மேலே இவ்வளவு வீடுகளும் இருந்திருக்காது. ஒரு நாள் ஊற்றுக்கு மேல்பக்கச் சரிவில் ஏறிப் பாருங்கள். கழிப்பறைக் குழியோ மாட்டுத் தொழுவமோ, பிள்ளைகள் வெளிக்குப் போகும் இடமோ இருந்தால், மழை பெய்ததும் அத்தனையும் மண் வழியாகக் கீழே ஊற்றுக்குத்தான் வரும். கோடை மழையின் முதல் சில நாட்களும் ஐப்பசி அடைமழையும் ஆபத்தானவை. தண்ணீர் கொஞ்சம் கலங்கி வந்தால் அன்றைக்கு அதைக் காய்ச்சாமல் யாருமே குடிக்கக் கூடாது. குழந்தைக்கு எப்போதுமே காய்ச்சிய தண்ணீர்தான்.

காய்ச்சுவது பற்றி மலையில் ஒரு சந்தேகம் அடிக்கடி வரும். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கிருமி சாகுமா என்று கேட்பார்கள். சாகும். தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் அப்படியே கொதித்தால் போதும். சட்டியின் ஓரத்தில் குமிழி வந்ததும் இறக்குவதுதான் தவறு. விறகும் கேஸும் செலவாகிறது என்று அரைமணி நேரம் காய்ச்ச முடியாமல் மொத்தமாக விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஒரு நிமிடம்தான் தேவை, தினமும் செய்யுங்கள்.

காய்ச்சிய பிறகு நடப்பதைக் கவனியுங்கள். ஆறியதும் குடத்தில் ஊற்றுகிறோம். வேலையிலிருந்து வந்தவர் சொம்பை விட்டு மொள்கிறார், விரல் நான்கும் தண்ணீருக்குள் போகின்றன. அவ்வளவு நேரம் காய்ச்சியது அந்த ஒரு கணத்தில் வீணாகிறது. குழாய் வைத்த பாத்திரம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் நீளக் காம்புள்ள அகப்பை ஒன்றைத் தனியாக வைத்து, அதில் மட்டும் எடுத்து, சாய்த்து ஊற்றுங்கள். குடத்துக்கு மூடி வேண்டும்.

கை கழுவுவதில் நாம் பெரும்பாலும் தவறவிடும் ஒரு நேரம் இருக்கிறது. குழந்தைக்குக் கால் கழுவிவிட்டு, அந்தக் கையைத் தண்ணீரில் மட்டும் அலசிவிட்டு, அடுப்பு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். குழந்தை மலம்தானே, அதில் என்ன என்ற எண்ணம். பெரியவர்கள் மலத்தில் இருக்கும் கிருமி அத்தனையும் அதிலும் இருக்கும். பேதியின்போது இன்னும் அதிகம். பீத்துணியை ஊற்றுப் பக்கம் அலசாதீர்கள். மலத்தைக் கழிப்பறையில் கொட்டுங்கள், கழிப்பறை இல்லையென்றால் ஊற்றுக்குத் தள்ளிக் குழி தோண்டி மூடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஊட்டும் முன்பும் அப்படியே. நீங்கள் எஸ்டேட்டில் இருக்கும் நேரம் பாப்பாவைப் பார்த்துக்கொள்வது மாமியார்தானே, இது அவருக்கும் சேர்த்துத்தான். அங்கன்வாடி சத்துமாவைக் காலையில் மொத்தமாகக் கிண்டி வைத்துச் சாயங்காலம் வரை கொடுக்கிற வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். அந்தந்த வேளைக்குக் கொஞ்சமாகக் கிண்டினால் போதும். பால் புட்டி இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், ரப்பரின் இடுக்கைச் சுத்தமாகக் கழுவவே முடியாது. டம்ளரும் ஸ்பூனும் போதும்.

இப்போது மருந்துக்கடை விஷயம். வயிறு உப்பி அழுதாள் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால், கொடுத்தது குடலின் அசைவை நிறுத்தும் மாத்திரையாக இருக்கலாம். லோபராமைடு அந்த வகை. சின்னக் குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. போக்கு நின்றதாகத் தெரியும். ஆனால் குடல் அசையாமல் நிற்க, நீரும் கிருமியும் உள்ளேயே தேங்கும். வயிறு உப்புவது அதனால்தான். சில குழந்தைகளுக்குக் குடலே வேலை செய்யாமல் நின்றுவிடும், உயிருக்கே ஆபத்து. பெரியவர்களும் காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் அதைத் தொடக் கூடாது. அந்தச் சிரப் ஆன்டிபயாடிக்காக இருந்தால், வைரஸ் பேதிக்கு அதனால் பலன் இல்லை. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் அழித்து, அதுவே புதிதாகப் பேதியை உண்டாக்குவதும் உண்டு. அந்த அட்டையையும் பாட்டிலையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்க வேண்டியவை இரண்டு: ஓ.ஆர்.எஸ்., ஜிங்க் என்ற துத்தநாகச் சத்து மாத்திரை. இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் இலவசமாகவே கிடைக்கும். பேதி வந்த பிறகு தேடாமல், இன்றைக்கே நாலு பாக்கெட் வாங்கி வீட்டில் வையுங்கள்.

கெட்டுப்போன குடலிலும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. குளுக்கோஸும் உப்பும் சரியான அளவில் ஒன்றாக வந்தால் அதன் வழியாக இரண்டும் உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். ஓ.ஆர்.எஸ். வேலை செய்வது இதனால்தான். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லை அகதி முகாமில் காலரா பரவியது. சிரை வழியாக ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலாநபிஸ், உப்பையும் குளுக்கோஸையும் கலந்து, டிரம்மில் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த முகாமில், அதைக் குடித்தவர்களில் இறப்பு நூற்றுக்கு நாலு பேருக்கும் கீழே இறங்கியது. ஊட்டியவர்களில் பெரும்பாலோர் அம்மாக்களும் பாட்டிகளும் அண்ணன் தம்பிகளும்தான். நர்ஸுக்கும் டிரிப்ஸுக்கும் காத்திருக்காமல் வீட்டு ஆளே செய்யக்கூடிய வைத்தியம் இது. உங்களாலும் முடியும்.

பெரிய பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆற வைத்த தண்ணீரில் போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கழுவி அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். கால் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கண்ணளவாகப் போடுவது வேண்டாம். தண்ணீர் குறைந்து உப்பு ஏறிவிட்டால் அதுவே குழந்தைக்கு ஆபத்து. சர்க்கரையோ பாலோ எலுமிச்சையோ சேர்க்க வேண்டாம். 24 மணி நேரம் கழித்து மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். உங்கள் பாப்பா வயதுக்கு ஒவ்வொரு தடவை தண்ணீராகப் போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதாவது அரை டம்ளர் போல. ஒரே மூச்சில் கொடுத்தால் வாந்தி எடுப்பாள். ஒரு ஸ்பூன், ஒரு நிமிடம் பொறுத்து இன்னொரு ஸ்பூன். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள். வார்டில் ஒரு பாட்டி பேரனை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, டம்ளரைக் கட்டில் ஓரத்தில் வைத்து, ஸ்பூனின் நுனியை மட்டும் கீழுதட்டில் வைத்து ஒவ்வொரு சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார். வாந்தியால் எதுவும் தங்காது என்று டிரிப்ஸ் போட அனுப்பப்பட்ட குழந்தை அவன். விடிவதற்குள் டயப்பரை நனைத்துவிட்டான், ஊசியே தேவைப்படவில்லை.

கடையில் அட்டைப் பெட்டியில் பழவாசனையோடு ரெடியாகக் கிடைக்கும் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். சர்க்கரை அதிகமுள்ள பானம் குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவே போட்டது. வெறும் குளுக்கோஸ் பவுடர், கலர் சோடா, டீ எதுவும் இதற்கு ஈடாகாது. பாக்கெட் கையில் இல்லாத நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் போட்டுச் சமாளிக்கலாம். உப்பு அந்த அளவைத் தாண்டக் கூடாது. நம் சேலத்து ஜவ்வரிசி இதற்கு மிக நல்லது. நன்றாக வேகவைத்து, நீர்க்கக் கரைத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்ட கஞ்சி குழந்தைக்கும் பாட்டிக்கும் ஒத்துக்கொள்ளும். அரிசிக் கஞ்சி, உப்புப் போட்ட நீர்மோரும் சரி. தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். பட்டினி போடாதீர்கள். குழைந்த பருப்புச் சாதம், இட்லி, வாழைப்பழம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கொய்யாக் கொழுந்துக் கஷாயம் பெரியவர்கள் வேண்டுமானால் குடித்துக்கொள்ளட்டும், குழந்தைக்கு வேண்டாம்.

உங்கள் பாப்பாவுக்கு இதுவரை யாரும் ஜிங்க் கொடுத்ததாகத் தெரியவில்லை. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் திரும்பத் திரும்ப வரும் குழந்தைக்கு அதுதான் முக்கியம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு 20 மில்லிகிராம் மாத்திரை, தினமும் ஒன்று, 14 நாள். ஒரு ஸ்பூன் தாய்ப்பாலிலோ காய்ச்சிய தண்ணீரிலோ போட்டால் கரைந்துவிடும். பேதி மூன்றாம் நாளே நின்றாலும் 14 நாளையும் முடிக்க வேண்டும். இந்தப் பேதியின் நாட்களைக் குறைப்பதோடு, அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் மறுபடி வரும் வாய்ப்பையும் அது குறைக்கிறது.

மலை இறங்க வேண்டிய நேரத்தை எப்படி அறிவது? இதைக் கண்ணால் பார்த்தும் தொட்டும் சொல்லலாம். குழந்தையை வெளிச்சத்தில் படுக்க வையுங்கள். தொப்புளுக்கும் விலாவுக்கும் நடுவே வயிற்றுத் தோலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நீளவாக்கில் மடித்துப் பிடித்து, ஒரு நொடி வைத்திருந்து விடுங்கள். விட்ட உடனே பட்டென்று சமமானால் நல்லது. மெதுவாகப் போனால் வறட்சி தொடங்கிவிட்டது. இரண்டு நொடிக்கு மேலும் மடிப்பு அப்படியே நின்றால் கடுமையான வறட்சி, ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கண்ணைப் பாருங்கள், குழி விழுந்த மாதிரி இருக்கிறதா? அழும்போது கண்ணீர் வருகிறதா? நாக்கு ஈரமாக இருக்கிறதா, ஒட்டுகிறதா? உச்சிக்குழி இன்னும் மூடாமல் இருந்தால் அது அமுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். “உச்சி விழுந்துடுச்சு” என்று சொல்வதெல்லாம் பல நேரம் இந்த வறட்சிதான். டம்ளரைக் கண்டதும் பாய்ந்து பாய்ந்து குடித்தால் அவள் உடம்பு தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம், நிறையக் கொடுங்கள், அன்றே யாரிடமாவது காட்டுங்கள். அதைவிட மோசம், கொடுத்தாலும் குடிக்க முடியாமல் துவண்டு கிடப்பது. “அழாமல் சமர்த்தாகத் தூங்குகிறாள்” என்று தாய்மார்கள் சொல்லும்போது எனக்குப் பதற்றம் வருவது அதனால்தான்.

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, மலத்தில் ரத்தம், எதைக் கொடுத்தாலும் வாந்தி, அதிகக் காய்ச்சல், வயிறு கல்லாக உப்பல், வலிப்பு, கைகால் சில்லிடுதல், கூப்பிட்டால் சரியாகப் பார்க்காதது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளம்பிவிடுங்கள். கூலியை அன்றைக்கு மறந்துவிடுங்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனைக்கே போகலாம், அங்கே தேவைப்பட்டால் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது குழந்தை வாந்தி எடுப்பாள் என்று பயந்து வழியில் ஒன்றும் கொடுக்காமல் வருகிறார்கள். நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் வழி நெடுகச் சொட்டுச் சொட்டாக ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே வாருங்கள். மலைக்கு மேல் இருக்கும் உங்களுக்கு நான் இன்னொன்றும் சொல்வேன்: சாயங்காலம் சந்தேகமாக இருந்தால் காலை வரை பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். இருட்டுவதற்கு முன் இறங்குங்கள்.

இந்த அறிகுறி எதுவும் இல்லை, விளையாடுகிறாள், குடிக்கிறாள், சிறுநீர் போகிறாள் என்றால், ஏழெட்டுத் தடவை போனாலும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். பாதி நேரம் உங்கள் கூலி மிச்சமாவது இதனால்தான்.

மாமியாருக்கு வருவோம். அவர் மயங்கி விழுந்ததைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேதியில் நீர் இழந்து ரத்த அழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருக்கிறது, அதன்மேல் வழக்கமான பிரஷர் மாத்திரை இன்னும் இறக்கியிருக்கலாம். சில பிரஷர் மாத்திரைகள் சிறுநீரை அதிகமாக்குபவை, அந்த நேரத்தில் சிறுநீரகத்தையும் பாதிக்கும். கடுமையான வாந்தி, பேதி வந்தால் அன்றே மாத்திரை கொடுத்த டாக்டரைக் கேட்டு, எதை நிறுத்திவைப்பது, எதைத் தொடர்வது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கேட்க ஆள் இல்லையென்றால் 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம். தானாக எல்லாவற்றையும் நிறுத்துவதும் தவறு. சர்க்கரை நோய்க்குப் பலரும் சாப்பிடும் மெட்ஃபார்மினே சிலருக்கு வயிற்றைப் போக வைக்கும். குழந்தைக்குப் பேதி இல்லாத நாட்களிலும் அவருக்கு அடிக்கடி இளக்கமாகப் போனால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள், மாத்திரையை மாற்ற வழி உண்டு. சர்க்கரை இருக்கிறது என்று ஓ.ஆர்.எஸ். குடிக்காமல் இருந்துவிடப் போகிறார். ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான். பேதி வந்த நேரத்தில் அவரும் தாராளமாகக் குடிக்கலாம். இருட்டில் தனியாக வெளியே போக விடாதீர்கள், கூட ஒருவர் போங்கள்.

உங்கள் தெருவில் இன்னும் நாலைந்து வீடுகளில் அதே வாரம் பேதி என்றால், கிராம சுகாதாரச் செவிலியருக்கு உடனே சொல்லுங்கள். தண்ணீரைச் சோதிக்கவும், ஊராட்சி மேல்நிலைத் தொட்டியில் குளோரின் போடவும், வீடுகளுக்குக் குளோரின் மாத்திரை கொடுக்கவும் அவர்களால் ஏற்பாடு செய்ய முடியும். சொன்னால்தான் தெரியும், ஊருக்கே நல்லது.

இந்தப் பேதி அடங்கியதும், அவசரமில்லாத ஒரு நாளில், பாப்பாவை ஒரு தடவை குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்கள். தடுப்பூசி அட்டையை எடுத்துப் போங்கள். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் ரோட்டா சொட்டு மருந்து விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். 16 மாதம் முடிந்ததும் போட வேண்டிய தட்டம்மை - ரூபெல்லா இரண்டாம் தவணையை மறக்காதீர்கள், தட்டம்மைக்குப் பின்னால் வரும் பேதி மிகக் கடுமையானது. அங்கன்வாடியில் எடை போட்ட கடைசி மூன்று மாதக் கணக்கையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எடை ஏறாமல் நின்றிருந்தால் மலப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள், சின்ன டப்பாவில் அன்று காலை மலத்தைக் கொண்டுபோனால் இன்னொரு நடை மிச்சம். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளோடும், மருந்துக்கடையில் பாப்பாவுக்குக் கொடுத்த அந்த அட்டையோடும் பாட்டிலோடும்.